பிறப்பை மாற்றினார்கள், சாவை மாற்றவில்லை



முன்னுரை இல்லாமல் நேராகக் கதைக்குள் போய்விடுகிறேன். கதைப்பாடலைப் பற்றிப் பேச வந்தவன் முதலில் ஒரு கதையைச் சொல்வதுதான் முறை.

ஆரியநாட்டு அந்தணர் வீட்டில் ஏழு ஆண்பிள்ளைகள். கடைக்குட்டி முத்துப்பட்டன். அண்ணன்மாரோடு மனத்தாங்கல் கொண்டு மலையாளச் சீமைக்குப் போய் ஒரு ராசாவிடம் வேலை பார்க்கிறான். அண்ணன்மார் தேடிப் போய் அவனை அழைத்து வருகிறார்கள். வருகிற வழியில், மலைக்காட்டில், இரண்டு பெண்கள் பாடிக்கொண்டு போவது அவன் காதில் விழுகிறது. பொம்மக்கா, திம்மக்கா. மாட்டுக்கிடைக்குக் காவல் இருக்கும் வாலப்பகடையின் மக்கள். அப்பனுக்குச் சோறு கொண்டுபோகிறார்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னாலேயே பட்டன் போகிறான். பெண்கள் பயந்து ஓடி அப்பனிடம் சொல்கிறார்கள். கோபத்தோடு வந்த வாலப்பகடை, எதிரே இருப்பவன் பூணூல் போட்டவன் என்று கண்டதும் திகைத்துப் போகிறான்.

இந்த இடத்தில் பாட்டு அவசரப்படுவதில்லை. 'சாமி, நாங்கள் செத்த மாட்டை அறுப்பவர்கள், தோல் பதனிடுபவர்கள், செருப்புத் தைப்பவர்கள். எங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன வேலை?' என்ற பொருளில் வாலப்பகடை கேட்கிறான். பட்டன் பெண் கேட்கிறான். அப்படியானால் பூணூலை அறு, குடுமியை எடு, எங்களில் ஒருவனாக உட்கார்ந்து செருப்புத் தைத்துக் கொண்டுவா, அதன் பிறகு பேசலாம் என்கிறான் மாமன். அண்ணன்மார் தம்பியைத் தடுக்கிறார்கள், அடைத்துப் போடுகிறார்கள். அவன் தப்பி வந்து பூணூலை அறுக்கிறான், தோலையும் ஊசியையும் கையில் எடுக்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்றிரவே கிடை மாட்டைக் கள்ளர் ஓட்டிப்போனதாகச் செய்தி வருகிறது. மாமனின் காவல் இப்போது மருமகனின் காவல். பட்டன் போய்ச் சண்டையிட்டு வெல்கிறான். இரத்தக்கறை கழுவ நீரில் இறங்கும்போது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். பெண்கள் இருவரும் கணவன் உடலைத் தேடி எடுத்து, சிங்கம்பட்டி அரண்மனைக்குப் போய் உத்தரவு கேட்டு, அவனோடு தீப்பாய்கிறார்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், இன்று களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் பட்டவராயன் சந்நிதியைப் பார்த்திருப்பீர்கள். பட்டனும் பொம்மக்காவும் திம்மக்காவும் அங்கே தெய்வமாக நிற்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கில் சனம் கூடும். நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து கட்டும் காணிக்கை என்ன தெரியுமா? தோல் செருப்பு. கோயில் வாசலில் கழற்றிவிட்டுப் போகிற பொருளை இந்தச் சந்நிதியில் கையில் ஏந்திக் கொண்டுபோய்ச் சாமிக்குக் கொடுக்கிறார்கள். கட்டிய செருப்பு நாளாவட்டத்தில் தேய்ந்திருக்கும், பட்டன் அதைப் போட்டுக்கொண்டு ராத்திரியில் காவலுக்குப் போகிறான் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். ஒரு காதலன் மாமன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கற்ற தொழில் வழிபாடாகி நிற்கிறது.

இனி நான் இங்கே பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதைக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. அதில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பிள்ளைகள் இல்லை. பிறப்பால் அந்தணப் பெண்கள். காட்டில் கிடந்த குழந்தைகளை அவன் எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றத்தால் கதையில் என்ன ஆகிறது பாருங்கள். பட்டன் சாதியை மீறவே இல்லை என்றாகிவிடுகிறது. அவன் அறியாமலேயே தன் குலத்துப் பெண்களைத்தான் கட்டியிருக்கிறான். அறுத்த பூணூலுக்கும் தைத்த செருப்புக்கும் அர்த்தம் போய்விடுகிறது.

இதை முதலில் அழுத்தமாக எடுத்துப் பேசியவர் பேராசிரியர் நா. வானமாமலை. 1917-இல் நாங்குநேரியில் பிறந்து 1980-இல் மறைந்தவர். நெல்லை ஆய்வுக் குழுவைக் கட்டியவர், 'ஆராய்ச்சி' இதழை நடத்தியவர். கட்டபொம்மு, கான்சாகிபு, காத்தவராயன், ஐவர் ராசாக்கள், முத்துப்பட்டன் என்று கதைப்பாடல்களைத் தேடிப் பிடித்துப் பதிப்பித்தார். 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அவற்றை வெளியிட்டது. பட்டன் கதையில் பெண்களின் அந்தணப் பிறப்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ஒட்டு என்று அவர் வாதாடினார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கதையின் மற்ற எல்லா உறுப்பும் அந்த ஒட்டை மறுக்கிறது. பிறப்பு அந்தணப் பிறப்பு என்றால் அண்ணன்மார் ஏன் அடைத்துப்போட வேண்டும்? மாமன் ஏன் சோதனை வைக்க வேண்டும்?

இதே ஒட்டு வேறு கதைகளிலும் உண்டு. மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக் காவலையும் ஊர்க்காவலையும் செய்த வீரன். பாட்டு சக்கிலியர் என்று குறிப்பிடுகிற, இன்று நாம் அருந்ததியர் என்கிற மக்களின் வீட்டுப் பிள்ளை. பொம்மண நாயக்கரின் மகள் பொம்மி பூப்பெய்திக் குடிசையில் தனித்திருக்கும்போது, மழையில் காவலுக்குப் போகவேண்டிய தகப்பனுக்குப் பதிலாகப் போனவன். அவளைக் கூட்டிக்கொண்டு போனவன். அச்சில் வந்த கதையின் தொடக்கத்தைப் பாருங்கள்: அவன் காசி ராசாவின் மகனாம். மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்ல, காட்டில் விட்டார்களாம். சக்கிலியப் பெண் எடுத்து வளர்த்தாளாம். காத்தவராயன் கதையிலும் இதே கைவேலைதான். அந்தணப் பெண் ஆரியமாலாவை விரும்பியதற்காகக் கழுவேறியவனைக் கயிலாயத்தில் பிறந்தவனாக்கி, சாபத்தால் கீழே வந்தவனாக்கிவிட்டார்கள்.

மூன்று கதை, மூன்று ஊர், ஒரே மாற்றம். இது தற்செயல் இல்லை. மீறியவனை வணங்கவும் வேண்டும், மீறலை ஒத்துக்கொள்ளவும் முடியாது என்ற நெருக்கடியில் யாரோ கண்டுபிடித்த வழி இது. பாடுகிறவர் கண்டுபிடித்தாரா, பாடச் சொல்லிப் பணம் கொடுத்தவர் கேட்டாரா, ஏட்டில் எழுதியவர் நுழைத்தாரா என்பது ஊருக்கு ஊர், கதைக்குக் கதை மாறியிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிறப்பில் இவ்வளவு துணிந்து கைவைத்தவர்கள் சாவில் கைவைக்கவில்லை. அரச குமாரன் என்று நிறுவிவிட்டால், அவனைக் காப்பாற்றி அரியணையில் ஏற்றிக் கதையை முடித்திருக்கலாமே? கூத்திலும் நாடகத்திலும் அப்படி முடிவது நமக்குப் புதிதா? செய்யவில்லை. மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்கியே தீர்கிறார்கள். காத்தவராயன் கழுமரம் ஏறியே தீர்கிறான். பட்டன் நீரில் விழுந்தே தீர்கிறான். ஏன்?

ஏனென்றால் பாட்டு முடிகிற இடத்தில்தான் கோயில் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்கு வாசலில் வீரன் நிற்பது அவன் வெட்டுப்பட்டதால். யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தில் உச்சக்கட்டமே உயரமாக நட்ட கழுமரத்தில் நடிகர் ஏறுவதுதான். கீழே மாரியம்மன் அடியார்கள் கைகூப்பி நிற்கிறார்கள். அந்தச் சாவை எடுத்துவிட்டால் தெய்வம் இல்லை, தெய்வம் இல்லையென்றால் பாட்டுக்கு வேலை இல்லை.

தெற்கே கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேடைக் கச்சேரியாக மட்டுமே கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் நீண்ட வில். வில்கதிரில் மணிகள். வில் ஒரு குடத்தின் மேல் சாய்ந்திருக்கும். புலவர் இரண்டு வீசுகோலால் நாணைத் தட்டித் தட்டிப் பாடுவார். வலப்பக்கமும் இடப்பக்கமும் உடுக்கையும் சால்ராவும் கட்டையும் வைத்துக்கொண்டு பக்கப்பாட்டுக்காரர்கள். எதிரே சந்நிதி. புலவர் சனங்களைப் பார்த்து உட்காருவதைவிடச் சாமியைப் பார்த்து உட்காருவதே முக்கியம். சாமியின் கதையைச் சாமிக்கு முன்னால் பாடுகிறார்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கொடை ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பொழுது சாய்ந்து தொடங்கிய பாட்டு. முன்னிரவில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், பெண்கள் பேசிக்கொண்டே பொங்கல் பானையைப் பார்க்கிறார்கள், புலவரும் நடுநடுவே உள்ளூர்க்காரர்களை இழுத்துப் போட்டுச் சிரிக்க வைக்கிறார். நடுச்சாமம் நெருங்கியபோது எல்லாம் மாறிவிட்டது. சிரிப்பு நின்றது. வீசுகோலின் வேகம் ஏறியது. நாயகன் வெட்டுப்படும் அடி வந்தது. புலவர் அதைப் பாடி முடித்துக் கடக்கப் பார்த்தார். கோயில் நிர்வாகப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அவர் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, படுற எடத்த அவசரப்படுத்தாதீங்க, சாமி இன்னும் எந்திரிக்கல" என்றார். புலவர் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் அதே அடிகளுக்குப் போனார். மறுபடியும், மறுபடியும். உடுக்கை அதிர்ந்தது. தூணில் சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருந்த சாமியாடியின் தோள் முதலில் குலுங்கியது, பிறகு அவர் எழுந்தார். அப்போதுதான் புலவர் அடுத்த அடிக்குப் போனார்.

அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரிக்குள் ஒரு இலக்கியக் கொள்கையே இருக்கிறது. எந்த அடியில் நிற்கவேண்டும், எத்தனை முறை திரும்பப் பாடவேண்டும் என்பதைப் பாட்டைக் கட்டியவர் முடிவு செய்யவில்லை. எதிரே இருக்கும் மனிதரின் உடம்பு முடிவு செய்கிறது. இதை அச்சில் எப்படிக் கொண்டுவருவீர்கள்? அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஊர் ஊராகக் கேட்டு 1988-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறப்பையும் இறப்பையும் சேர்த்தே தலைப்பு வைத்தார். கயிலாயத்தில் பிறந்து வந்த தெய்வங்களின் கதை ஒரு வகை, இந்த மண்ணில் கொலையுண்டு தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை. சாமியாட்டத்தின் தீவிரம் இரண்டாவது வகையில்தான் கூடுதல் என்று அவர் காட்டினார். பிறப்பு அலங்காரமாகலாம், சாவு அலங்காரமாகாது என்று நான் சொல்வதற்கு அவருடைய களப்பணி நல்ல துணை.

சினிமாவுக்கும் இது தெரிந்திருந்தது. 1956-இல் 'மதுரை வீரன்' படம் வந்தது. எம்.ஜி.ஆர். நாயகன். திரையில் அவர் சாகிற படங்கள் மிகக் குறைவு, ரசிகர்கள் பொறுக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் படத்தில் கைகால் வெட்டப்பட்டு அவர் சாகிறார். அரச குலத்துப் பிறப்பு என்ற ஒட்டைச் சினிமா மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டது. சாவை மாற்ற அதற்கும் துணிவு வரவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வீரன் குலசாமி. சாமியின் கதையை மாற்றிக் காட்டினால் யார் ஏற்றுக்கொள்வார்கள்?

வரலாற்றுக் கதைப்பாடல்களிலும் இதையே பார்க்கிறேன். நம் கதைப்பாடல்கள் யாரைப் பாடுகின்றன? 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்த செஞ்சி தேசிங்கு ராசனை. 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபை. 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனை. எல்லாரும் தோற்றவர்கள். வென்றவர்களுக்கு உலாவும் கலம்பகமும் கல்வெட்டும் இருந்தன, எழுதிக் கொடுக்கப் புலவர்கள் இருந்தார்கள். தோற்றவனுக்குக் கதைப்பாடல் மட்டும்தான். கான்சாகிபு விஷயம் இன்னும் ஆழமானது. கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பூலித்தேவன் முதலிய பாளையக்காரர்களை ஒடுக்கியவர் அவர். கடைசியில் கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்று மாண்டார். அவரால் அடிபட்ட சீமையே அவரைப் பாடியது. மனிதனைச் சாவை வைத்து எடைபோடும் பழக்கம் நம் பாடகர்களுக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது.

இந்தப் பாடல்களில் காலக் குழப்பம் உண்டு என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது சரிதான். மதுரை வீரன் கதையில் திருச்சியில் விசயரங்கச் சொக்கநாதர் ஆள்கிறார், மதுரையில் திருமலை நாயக்கர் ஆள்கிறார். உண்மையில் இருவர் ஆட்சிக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி. நான் இதைப் பெரிய குறையாக எண்ணவில்லை. ஆண்டுக்கணக்குக்காக யாரும் அந்தப் பாட்டைக் கேட்கப் போகவில்லை.

நல்லதங்காளைச் சொல்லாமல் போனால் இந்தச் சபையில் இருக்கும் தாய்மார்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பஞ்சம். ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி இருக்கும் அர்ச்சுனாபுரத்துக்கு நடந்தே வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு உலை வைக்கக் கொடுக்கிறாள்: மக்கிய கேழ்வரகு, ஓட்டைச் சட்டி, எரிக்கப் பச்சை வாழைமட்டை. கொடுக்கவும் செய்கிறாள், எரியவும் விடவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சமையலறையில் செய்யக்கூடிய கொடுமை எது என்று சமையலறையை அறிந்தவர்கள்தான் இதைக் கட்டியிருக்க வேண்டும். எந்த அரண்மனைப் புலவனுக்கும் பச்சை வாழைமட்டை தோன்றியிருக்காது. பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் கோயிலும் இருக்கிறது, கிணறும் இருக்கிறது. இங்கே போர் இல்லை, வாள் இல்லை, காதல் இல்லை. பசி மட்டும்தான். பசியில் செத்தவளும் தெய்வம்தான் என்று நம் பெண்கள் தீர்மானித்திருக்கிறார்கள்.

கோயில் இல்லாத சாவுகளைப் பாடிய பாட்டும் நம்மிடம் உண்டு. கொலைச் சிந்து. பஸ் நிலையத்திலும் ரயில் பெட்டியிலும் சந்தையிலும் பாடி விற்ற மெல்லிய புத்தகங்கள். சென்னையில் குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகி ஊர் ஊராகப் போனவை. எங்கோ ஒரு கொலை நடக்கும், ரயில் கவிழும், வெள்ளம் வரும். செய்தி ஆறுவதற்குள் சிந்து வந்துவிடும். தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று போட்டிருக்கும். வாங்குகிறவர் உடனே பாடிவிடலாம். படித்தவர்கள் இதை இலக்கியமாகவே கருதவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இந்தப் புத்தகங்களின் உலகத்தை நமக்கு மீட்டுத் தந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற ஒரு சேகரிப்பாளர் தம் வாழ்நாளைச் செலவழித்துப் பழைய அச்சுப் புத்தகங்களைக் காப்பாற்றி வைத்ததால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு இடம் இருக்கிறது.

கொலைச் சிந்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படிப் பார்க்கிறேன். சிந்தைப் பாடுகிறவனுக்கு அடுத்த வாரம் அடுத்த கொலை. செத்தவர் யார் என்பது மறந்துபோகும், மெட்டு நிற்கும். வில்லுக்காரருக்கு அடுத்த வருடமும் அதே சாவு, அதே சந்நிதி. அதனால்தான் சிந்தில் சாவு செய்தியாகவே இருக்கிறது, வில்லில் அது கடமையாகிறது. இரண்டையும் பாடிய வாய்கள் ஒரே மக்களுடையவை.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சாதியை மீறிக் காதலித்தவர்கள் இன்றும் கொல்லப்படுகிறார்கள். ஆணவக் கொலை என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பட்டன் கதையின் அந்த ஒட்டுதான் நினைவுக்கு வருகிறது. மீறியவர்களைத் தெய்வமாக்கிய அதே சமூகம், மீறவே இல்லை என்று கதையைத் திருத்தியும் வைத்திருக்கிறது. நம் காலத்தில் இந்தக் கதையை எந்த வடிவத்தில் பாடுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கொடைகளில் பாடும் நேரமும் சுருங்கிவருகிறது. இரவு முழுக்கப் பாடியதை இரண்டு மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள், பிறகு இன்னிசைக் கச்சேரி. சுருக்கும்போது எதை வெட்டுவது என்று புலவர்தான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. வாலப்பகடை மருமகனைச் சோதிக்கும் பகுதி நீளமானது. வெட்டுவதற்கு முதலில் கைபோவது அதன்மேல்தான். சோதனையும் போய், ஒட்டுப் பிறப்பும் இருந்துவிட்டால், கேட்கிற பிள்ளைகளுக்குப் பட்டன் ஏன் செத்தான் என்பதே விளங்காது.

ஆகவே இந்த அரங்கில் இருக்கும் ஆசிரியர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஊருக்குப் போகும்போது கைப்பேசியில் கொடைப் பாட்டைப் பதிவு செய்கிறீர்கள். சாமியாடும் நேரத்தை மட்டும் எடுக்காதீர்கள், மாலை முதல் விடியும்வரை எடுங்கள். புலவரிடம் அவர் குருநாதர் யார், கதையை ஏட்டிலிருந்து எடுத்தாரா, அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தாரா, கேட்டுப் பாடம் செய்தாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர் வீட்டில் கையெழுத்து நோட்டு இருக்கும். அவர் சம்மதித்தால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து நூலகத்தில் சேருங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் யாருடைய மக்கள் என்று அவர் பாடுகிறார் என்பதை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா எப்படிப் பாடினார் என்பதையும் கேளுங்கள்.